கோலாவும் ஹௌலர் குரங்கும்: எது உறவு, எது இலை செய்த வேலை?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மத்திய அமெரிக்கக் காட்டில் கிளைமேல் கவிழ்ந்து கிடந்து தூங்கும் ஹௌலர் குரங்கையும், யூகலிப்டஸ் மரத்தின் கவையில் உட்கார்ந்தபடியே தூங்கும் கோலாவையும் நீங்கள் படத்தில் அடுத்தடுத்துப் பார்த்திருக்கிறீர்கள். இரண்டும் இலை தின்கின்றன, நாளில் பெரும்பகுதி அசையாமல் கிடக்கின்றன, உடம்பின் அளவுக்குச் சம்பந்தமே இல்லாத குரலில் கத்துகின்றன. "அப்படியானால் கோலாவை ஆஸ்திரேலியாவின் குரங்கு என்று சொல்லலாமா? இரண்டில் எது முன்னேறிய விலங்கு?" என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குப் படுவது, உங்கள் உண்மையான கேள்வி இன்னும் கொஞ்சம் ஆழமானது: உறவே இல்லாத இரண்டு விலங்குகள் எப்படி இவ்வளவு ஒத்துப்போகின்றன, அந்த ஒற்றுமை எவ்வளவு தூரம் உண்மை?

நான் ஒப்பீட்டு உடற்கூறியல் படித்தவன், பல வருடங்கள் அதைக் கற்பித்தவன். எலும்பு, பல், குடல் ஆகியவைதான் என் துறை. இந்த இரண்டையும் காட்டில் பின்தொடர்ந்து ஆராய்ந்தவன் இல்லை. ஆகவே உடலமைப்பைப் பற்றிச் சொல்வதை என் அனுபவமாகவும், நடத்தையைப் பற்றிச் சொல்வதைக் கள ஆய்வாளர்களிடமிருந்து கற்றதாகவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

உறவைப் பற்றிச் சந்தேகமே வேண்டாம். ஹௌலர் குரங்கு நம்மைப் போல நஞ்சுக்கொடிப் பாலூட்டி. கோலா மார்சூபியல், அதாவது குட்டியைப் பையில் வைத்து வளர்க்கும் பாலூட்டி. இந்த இரண்டு கிளைகளும் டைனோசர்கள் வாழ்ந்த ஜுராசிக் காலத்திலேயே பிரிந்துவிட்டன. ஏறத்தாழ 16 கோடி ஆண்டுகள் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. புதைபடிவங்களை எப்படி வகைப்படுத்துகிறோம் என்பதைப் பொறுத்து அந்த எண் கொஞ்சம் முன்பின் நகரும். ஆனால் பிரிவு மிகப் பழையது என்பது நகராது. வேறு விதமாகச் சொன்னால், ஹௌலர் குரங்குக்குக் கோலாவைவிட எலி, திமிங்கிலம், வௌவால் எல்லாமே நெருங்கிய உறவு. கோலாவுக்கு இன்று உயிரோடு இருக்கும் மிக நெருங்கிய சொந்தம், மண்ணைத் தோண்டி வளையில் வாழும் வாம்பேட். மரத்தில் வாழும் விலங்குக்குத் தரையைத் தோண்டும் உறவினர்! கோலாவின் பை வெளிப்பக்கமாகத் திறந்திருப்பது, தோண்டி வாழ்ந்த ஒரு பொது மூதாதையின் மிச்சமாக இருக்கலாம் என்று பலர் சொல்வார்கள். அது நல்ல ஊகம், ஆனால் ஊகம்தான்.

சரி, உறவு இல்லை என்றால் ஒற்றுமை எங்கிருந்து வந்தது? இலையிலிருந்து வந்தது. இலை எங்கும் கிடைக்கும், ஓடிப்போகாது. ஆனால் அது மோசமான உணவு. நார் அதிகம், புரதமும் சர்க்கரையும் குறைவு, பூச்சியும் மிருகமும் தின்றுவிடாமல் இருக்க மரமே அதில் நச்சுப்பொருள்களைச் சேர்த்து வைத்திருக்கும். பாலூட்டிகளால் நாரைத் தாமாகச் செரிக்க முடியாது, நுண்ணுயிர்களின் துணை வேண்டும். அந்த நுண்ணுயிர்களைக் குடியமர்த்த உடம்பில் எங்காவது, தின்றதை நொதிக்க வைக்கும் ஒரு பெரிய ஊறல் பாத்திரம் வேண்டும். மாடு அதை வயிற்றில் வைத்திருக்கிறது. இலை தின்னும் லங்கூர் குரங்குகளும் அறைகளாகப் பிரிந்த வயிற்றில்தான் வைத்திருக்கின்றன. ஹௌலர் குரங்கு அப்படிச் செய்யவில்லை. அதன் வயிறு சாதாரணமானது; ஊறல் நடப்பது பின்குடலில், அதாவது குருட்டுக்குடலிலும் பெருங்குடலிலும். கோலாவும் இதே வழியைத்தான் எடுத்திருக்கிறது. ஆகவே செரிமானத்தைப் பொறுத்தவரை ஹௌலர் குரங்கு தன் சொந்த இனமான லங்கூரைவிடக் கோலாவுக்கு நெருக்கமாக நிற்கிறது. உங்கள் கண்ணில் பட்ட ஒற்றுமைகளில் இதுதான் எனக்கு மிகவும் பிடித்தது, வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது என்றாலும்.

ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால் இங்கேயும் ஒரு திருப்பம் இருக்கிறது. கோலாவின் குருட்டுக்குடல் ஏறத்தாழ 2 மீட்டர் நீளம். ஒரு மீட்டர்கூட இல்லாத விலங்குக்குள் அவ்வளவு நீளப் பை. இதைப் பார்க்கும் எவரும் 'இது நாரைச் சக்தியாக மாற்றும் பெரிய ஆலை' என்றுதான் நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆய்வாளர்கள் அளந்து பார்த்தபோது, செரித்த சக்தியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே அந்த ஊறலிலிருந்து கோலாவுக்குக் கிடைப்பது தெரியவந்தது. மீதியெல்லாம் இலையை நன்றாக அரைத்து, செல்லுக்குள் இருக்கும் சாற்றிலிருந்து எடுப்பது. மாறாக, பனாமாவில் காதரின் மில்டன் என்ற ஆய்வாளர் ஹௌலர் குரங்குகளில் பார்த்தபோது, அன்றாடத் தேவையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான சக்தி பின்குடல் ஊறலிலிருந்து வந்தது. ஆகப் பெரிய பாத்திரம் வைத்திருப்பவருக்கு வரவு குறைவு! கோலா அந்தப் பையை ஏன் வைத்திருக்கிறது என்பதற்கு நைட்ரஜனைத் திரும்பப் பயன்படுத்துவது, தண்ணீரைச் சேமிப்பது, நுண்ணிய துகள்களை நீண்ட நேரம் நிறுத்தி வைப்பது என்று விளக்கங்கள் உண்டு. எதற்கு எவ்வளவு பங்கு என்பது இன்னும் முடிவாகாத வாதம்.

நேரத்திலும் இதே வேறுபாடு தெரியும். ஹௌலர் குரங்கு தின்றது குடலைக் கடக்க ஏறத்தாழ 20 மணி நேரம். கோலாவில் திடத் துகள்களுக்கே நான்கு நாள் ஆகிறது. கரைந்த பொருளும் நுண்துகளும் அதைவிட இரு மடங்கு நேரம் தங்கும். கோலா அவ்வளவு மெதுவாக ஓடும் உடம்பு. மார்சூபியல்களின் அடிப்படை வளர்சிதை வேகம் பொதுவாக நஞ்சுக்கொடிப் பாலூட்டிகளைவிட மூன்றில் ஒரு பங்கு போலக் குறைவு. கோலாவுடையது அந்த மார்சூபியல் அளவைவிடவும் குறைவு. ஒரு நாளில் 18 முதல் 22 மணி நேரம் அது தூங்குவதும் ஓய்வெடுப்பதும் இதனால்தான். யூகலிப்டஸ் இலை அதற்குப் போதை ஏற்றுகிறது என்ற பழைய கதையை மறந்துவிடுங்கள், அது உண்மையில்லை. இலையின் எண்ணெய்களையும் பிற நச்சுகளையும் உடைப்பதில் அதன் கல்லீரல் கெட்டிக்காரத்தனமாக வேலை செய்கிறது. 2018-ல் கோலாவின் முழு மரபணுத் தொகுப்பு வெளியானபோது, நச்சை முறிக்கும் நொதிகளுக்கான மரபணுக்களில் ஒரு குடும்பம் அதில் வழக்கத்துக்கு மாறாகப் பெருகியிருந்தது. கசப்பை உணரும் மரபணுக்களும் கூடவே பெருகியிருந்தன. எந்த இலையைத் தொடக்கூடாது என்று தெரிந்துகொள்வதும் முறிமருந்துக்குச் சமம்தானே.

ஹௌலர் குரங்கு இந்த அளவுக்கு ஒரே உணவோடு தன்னைப் பூட்டிக்கொள்ளவில்லை. இளந்தளிராகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும், அத்திப் பழம் கிடைத்தால் அதை விடாது, பூவும் தின்னும். முற்றிய இலை அதற்கு வேறு வழியில்லாதபோதுதான். இதற்கு அதன் கண்ணும் உதவுகிறது. அமெரிக்கக் கண்டத்துக் குரங்குகளில் பெரும்பாலான இனங்களில் ஆண்களுக்குச் சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்க முடியாது. ஹௌலர் குரங்குகளில் மட்டும் ஆண், பெண் இரண்டுக்குமே நம்மைப் போல மூவண்ணப் பார்வை உண்டு. வெப்பமண்டலக் காட்டில் பல மரங்களின் தளிர் செந்நிறமாக விரிவதால், தளிரைக் கண்டுபிடிக்கவே இந்தப் பார்வை நிலைத்தது என்கிறார்கள். பழத்துக்காக வந்தது என்பவர்களும் உண்டு. எனக்குத் தளிர்க் கட்சிதான் கொஞ்சம் பலமாகத் தோன்றுகிறது.

இப்போது கைக்கு வருவோம். கோலாவின் முன்கையில் ஐந்து விரல்களில் முதல் இரண்டு ஒரு பக்கமும் மற்ற மூன்றும் எதிர்ப்பக்கமுமாகப் பிரிந்து கிளையைப் பிடிக்கும். இரண்டு கட்டைவிரல் உள்ள கை என்று வைத்துக்கொள்ளலாம். குரங்கென்றால் நம்மைப் போல ஒரு கட்டைவிரல் தனித்து நிற்கும் என்றுதான் எதிர்பார்ப்போம். ஆனால் ஹௌலர் குரங்கு கிளையைப் பிடிக்கும்போது கூர்ந்து பாருங்கள்: அதுவும் பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் விரல்களுக்கு நடுவே கிளையை விட்டுத்தான் பிடிக்கிறது! வகுப்பில் மாணவர்களுக்கு இந்த இரண்டு பிடியையும் அடுத்தடுத்துக் காட்டும்போதெல்லாம் அறையில் ஒரு சலசலப்பு எழும். காலில் ஒற்றுமை குறைந்துவிடுகிறது. கோலாவின் பாதத்தில் நகமில்லாத ஒரு பெருவிரலும், ஒன்றாக ஒட்டிய இரண்டாம், மூன்றாம் விரல்களும் இருக்கும். அந்த ஒட்டுவிரல் மயிரைக் கோதும் சீப்பு. இந்த ஒட்டல் கங்காருவிலும் உண்டு, ஆகவே அது மரவாழ்வின் விளைவில்லை, பரம்பரைச் சொத்து.

கைரேகை விஷயமும் உங்களுக்குப் பிடிக்கும். கோலாவின் விரல் நுனியில் ரேகைகள் உண்டு என்பதை 1990களில் அடிலெய்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். நுண்ணோக்கியில் பார்த்தாலும் மனித ரேகையிலிருந்து எளிதில் பிரித்தறிய முடியாத அளவுக்கு ஒத்திருக்கின்றன. வாம்பேட்டுக்கு அவை கிடையாது. ஆக, கோலாவின் வழியில் தனியாகத் தோன்றியவை. ஹௌலர் குரங்குக்கு விரலில் மட்டுமல்லாமல் வால் நுனியின் அடிப்பக்கத்திலும் மயிரற்ற தோலும் ரேகையும் உண்டு. அந்த வால் ஐந்தாவது கை. உடம்பு முழுவதையும் தாங்கும். இங்கேதான் இரண்டும் முற்றிலும் பிரிந்து போகின்றன. கோலாவுக்கு வாலே இல்லை, ஒரு சிறு எச்சம் மட்டும் மயிருக்குள் மறைந்திருக்கும். ஒன்று கிளை நுனிவரை தொங்கிப் போய்த் தளிரைப் பறிக்கும் விலங்கு. மற்றது நகங்களால் தண்டைப் பற்றி ஏறி, கவையில் நன்றாக உட்கார்ந்து கைக்கு எட்டும் இலையை இழுத்துத் தின்னும் விலங்கு. பல்லும் அப்படியே. ஹௌலர் குரங்குக்கு 36 பற்கள், ஆணுக்குப் பெரிய கோரைப்பற்கள். கோலாவுக்கு 30 பற்கள். முன்பல்லுக்கும் கடைவாய்க்கும் நடுவே அகன்ற இடைவெளி, கீழ்த்தாடையில் கோரைப்பல்லே இல்லை. கடைவாய்ப் பற்களில் மட்டும் இரண்டிலும் இலையை வெட்டும் கூர் விளிம்புகள் ஒரே நோக்கத்தோடு அமைந்திருக்கின்றன. அந்த விளிம்பு தேய்ந்த கிழக் கோலாக்கள் கூடுதல் நேரம் மெல்லுகின்றன, விழுங்கியதை மறுபடி வாய்க்குக் கொண்டுவந்து மெல்வதும் பதிவாகியிருக்கிறது.

குரலைப் பற்றி நீங்கள் தனியாகக் கேட்டிருந்தீர்கள், கேட்டது சரிதான். ஒரே விளைவை இரண்டும் முற்றிலும் வேறு கருவிகளால் செய்கின்றன. ஹௌலர் குரங்கின் நாவடி எலும்பு உள்ளீடற்ற கிண்ணம் போல ஊதிப் பெருத்திருக்கும். அதற்கு இடம் கொடுப்பதற்காகவே கீழ்த்தாடையின் பின்பகுதி அகலப் பலகையாக விரிந்திருக்கிறது. மண்டையோட்டைக் கையில் எடுத்த உடனே இனத்தைச் சொல்லிவிடலாம். குரல்வளையிலிருந்து வரும் ஒலி அந்தக் கிண்ணத்தில் அதிர்ந்து கனக்கிறது. கோலாவின் நாவடி எலும்பில் அப்படி எதுவும் இல்லை. அதன் ரகசியம் 2013-ல் வெளிவந்தது: குரல்வளைக்குள் இருக்கும் வழக்கமான குரல் நாண்களைத் தவிர, மெல்லண்ணத்தை ஒட்டி, குரல்வளைக்கு வெளியே இன்னொரு ஜோடி நீண்ட, தடித்த மடிப்புகள் அதற்கு இருக்கின்றன. மூச்சை உள்ளே இழுக்கும்போது அவை அதிர்கின்றன. அந்த உடல் எடைக்கு எதிர்பார்க்கக்கூடிய சுருதியைவிட அதன் குரல் ஏறத்தாழ 20 மடங்கு தாழ்ந்திருப்பது இதனால்தான். யானை அளவு மிருகத்துக்குப் பொருந்தும் சுருதி அது. தரையில் வாழும் வேறு எந்தப் பாலூட்டியிலும் இதற்கு ஈடான உறுப்பு அதுவரை அறியப்பட்டிருக்கவில்லை.

எதற்காகக் கத்துகின்றன என்பதில் உறுதியும் சந்தேகமும் கலந்திருக்கின்றன. கோலா ஆண்கள் கத்துவது முக்கியமாக இனப்பெருக்கக் காலத்தில். அந்தக் குரலில் உடல் பருமனைப் பற்றிய தகவல் இருக்கிறது என்பது தெளிவாகக் காட்டப்பட்டிருக்கிறது. ஹௌலர் குரங்கின் விடியற்காலைக் கூச்சலைப் பற்றி 1930களின் தொடக்கத்தில் பனாமாவின் பாரோ கொலராடோ தீவில் கிளாரன்ஸ் ரே கார்பென்டர் ஆராய்ந்த நாளிலிருந்து பேச்சு நடக்கிறது. கூட்டங்கள் நேருக்கு நேர் மோதாமல் தள்ளியே இருக்க உதவுகிறது என்பது அவர் காலத்துக் கருத்து. உணவு மரங்களைக் காக்கவா, பெண்களைக் காக்கவா, குட்டிகளைப் புதிய ஆண்களிடமிருந்து காக்கவா என்ற கேள்விக்கு இனத்துக்கு இனம், இடத்துக்கு இடம் விடை மாறுகிறது. 2015-ல் வந்த ஒரு ஒப்பீடு இதில் முக்கியமானது: நாவடி எலும்பு பெரிதாக உள்ள ஹௌலர் இனங்களில் விரைகள் சிறியவை, கூட்டத்தில் பெரும்பாலும் ஓர் ஆண்தான். எலும்பு சிறிதாக உள்ள இனங்களில் விரைகள் பெரியவை, கூட்டத்தில் ஆண்கள் பலர். நீங்கள் பார்த்த மத்திய அமெரிக்க இனம் இரண்டாவது வகை, தன் உறவினர்களோடு ஒப்பிட்டால் அடக்கமான எலும்பு உள்ளது. குரல் 5 கிலோமீட்டர் கேட்கும் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கும். காற்றும் இலை அடர்த்தியும் பொழுதும் ஒத்துழைத்தால் கிடைக்கும் எண்ணாக அதை வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், 'எது முன்னேறியது' என்ற கேள்வி. இந்தச் சொல்லை நான் வகுப்பில் யாரையும் பயன்படுத்த விட்டதில்லை. இரண்டு வழிகளும் அதே 16 கோடி ஆண்டுகளைக் கடந்துதான் இன்று நிற்கின்றன. மூளையை ஒப்பிடலாம், அது நியாயமான கேள்வி. ஹௌலர் குரங்கின் மூளை 50 கிராம் அளவு, கோலாவினுடையது 20 கிராமுக்குச் சற்றுக் குறைவு. கோலாவின் மூளை மேற்பரப்பு கிட்டத்தட்ட மழமழப்பாக இருக்கும். எல்லா மார்சூபியல்களையும் போல, இரு பாதி மூளைகளை இணைக்கும் பெரிய நரம்புப் பாலம் அதற்குக் கிடையாது, வேறு இணைப்பு வழிகள் அந்த வேலையைச் செய்கின்றன. ஆனால் கோலாவின் மண்டையோட்டில் பாதிதான் மூளை, மீதி வெறும் திரவம் என்று நீங்கள் படித்திருந்தால் அதை நம்பாதீர்கள். அது பதப்படுத்தியதால் சுருங்கிப்போன மாதிரிகளைப் பார்த்து வந்த கருத்து. உயிருள்ள கோலாக்களைக் காந்தப் படமெடுத்துப் பார்த்தபோது மூளை உள்ளிடத்தில் ஏறத்தாழ 80 சதவீதத்தை நிரப்பியிருந்தது. மார்சூபியல்களுக்குள் அது சராசரிக்கு வெகு தொலைவில் இல்லை. இன்னொன்றும் கவனியுங்கள்: ஹௌலர் குரங்கோடு அதே காட்டில் வாழும், ஏறக்குறைய அதே எடையுள்ள, பழம் தேடித் திரியும் சிலந்திக் குரங்கின் மூளை ஹௌலரைப் போல இரு மடங்கு. குரங்கினத்துக்குள்ளேயே இலை தின்பவர் சிறிய மூளையோடு இருக்கிறார். மூளை செலவு அதிகம் பிடிக்கும் உறுப்பு, இலை அந்தச் செலவுக்குக் கட்டுப்படியாகாது என்பது ஒரு விளக்கம். எங்கெங்கோ, எப்போதெப்போதோ பழுக்கும் மரங்களை நினைவில் வைக்க இலை தின்பவருக்குத் தேவையில்லை என்பது இன்னொன்று. இரண்டும் உண்மையாக இருக்கலாம்.

இலையால் சமன்செய்ய முடியாத இடம் பிறப்புதான். ஹௌலர் குரங்கின் கர்ப்பகாலம் சுமார் 6 மாதம். சில நூறு கிராம் எடையில், தாயின் மயிரைப் பிடித்துத் தொங்கும் வலுவோடு ஒரே குட்டி பிறக்கும். கோலாவுக்குக் கர்ப்பம் ஏறத்தாழ 35 நாள். பிறப்பது 2 சென்டிமீட்டர்கூட இல்லாத, ஒரு கிராமும் தேறாத உயிர். அது தானாகவே ஊர்ந்து பைக்குள் போய் முலையைப் பற்றிக்கொள்ளும். ஆறேழு மாதம் பைக்குள், பிறகு தாயின் முதுகில், ஒரு வயதுவரை. பையை விட்டு இலைக்கு மாறும் முன் தாய் அதற்குச் சாதாரணச் சாணம் இல்லாத ஒரு மென்மையான கூழைத் தருகிறது. குருட்டுக்குடலிலிருந்து வரும் அந்தக் கூழில் இலையைச் சமாளிக்க வேண்டிய நுண்ணுயிர்கள் இருக்கின்றன. வளர்ந்த பிறகு கோலா தனியாள். ஹௌலர் குரங்கோ பத்து, இருபது பேர் உள்ள கூட்டத்தில் பிறந்து, எந்த மரத்தில் எப்போது தளிர் வரும் என்பதை மற்றவர்களைப் பார்த்தே கற்றுக்கொள்கிறது.

உங்கள் கேள்வியில் இல்லாத ஒன்றையும் சேர்க்கிறேன், ஏனென்றால் இந்த ஒற்றுமையின் மிக வலிக்கும் பக்கம் அதுதான். இரண்டும் தண்ணீரில் பெரும்பகுதியை இலையிலிருந்தே எடுக்கின்றன. சக்தியில் மிச்சம் வைத்து வாழ்வதில்லை. வெப்பம் கூடும்போது கோலா குளிர்ந்த மரத்தண்டைக் கட்டிப்பிடித்துத் தன் சூட்டை மரத்துக்குக் கடத்துகிறது. 2014-ல் வெப்பக் காமிராக்களால் இது காட்டப்பட்டது. தண்ணீரே குடிக்காது என்ற பழைய பேச்சும் தவறு. மழையின்போது தண்டில் வழியும் நீரை நக்கிக் குடிப்பதை 2020-ல் பதிவு செய்திருக்கிறார்கள். 2022 பிப்ரவரியில் குயின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ், தலைநகரப் பகுதிக் கோலாக்கள் ஆஸ்திரேலியச் சட்டப்படி அழியும் ஆபத்தில் உள்ளவை என அறிவிக்கப்பட்டன. 2024 மே மாத வெப்ப அலையில் மெக்சிகோவின் தபாஸ்கோ, சியாபாஸ் மாநிலங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட ஹௌலர் குரங்குகள் இறந்தன. பல மரத்திலிருந்து பழம் போல விழுந்தன. நீங்கள் படத்தில் பார்த்த அதே இனம் அது. வறண்ட மாதங்களில் மரத்தின் மேலேயே தண்ணீர்த் தொட்டிகளைக் கட்டி வைப்பதை இப்போது இரண்டு கண்டங்களிலும் செய்துபார்க்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் வைத்த தொட்டிகளுக்குக் கோலாக்கள் இரவில் வந்து, நீண்ட நேரம் நிதானமாகக் குடித்துவிட்டுப் போகின்றன.